தூரத்தில் பறக்கவிட்டவள்

கல்லூரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் வருகைப்பதிவு எடுத்த ஆசிரியர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவள் பைலட். முதல் வருடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. டிரோன் குழுவில் சேரலாமா என்று பட்டறைக்குப் பின்னாலிருந்த அறை வாசலில் தயங்கி நின்றவளிடம், மேல்வகுப்புப் பையன்கள் வேடிக்கைக்காக ரிமோட்டைக் கொடுத்தார்கள். விழுந்து நொறுங்கினால் படம் எடுக்கலாம் என்று கைப்பேசியோடு காத்திருந்தார்கள். அவள் மைதானத்துக்கு மேலே நிதானமாக ஒரு சுற்று விட்டு, எதிரிலிருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல், பூனை வந்து உட்காருவதுபோல் அதை உட்கார வைத்தாள்.

"எங்கம்மா கத்துக்கிட்ட?"

"இப்பத்தான் அண்ணா."

யாரும் நம்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து ரிமோட் அவள் கையைவிட்டுப் போகவில்லை.

கடைசி வருடம் வந்தபோது குழுவில் அவளோடு உருப்படியாக மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவன் கம்பி. ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பான். டிரோனின் உடம்பு முழுக்க அவன் கைவேலை. இன்னொருவன் வாத்தி. எதைக் கேட்டாலும் ஆதியிலிருந்து பாடம் எடுப்பான். தானாகப் பறப்பதற்கான நிரலை எழுதியவன் அவன்தான். மேலே ஒரு பேராசிரியர். எந்தக் கோரிக்கையோடு போனாலும் "பாப்போம்" என்பார். அதனால் அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

மாணவர்களே வடிவமைத்து, மாணவர்களே செய்து, மாணவர்களே பறக்கவிட வேண்டிய போட்டி அது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் கல்லூரிகள் வரும். இவர்களுடைய கல்லூரி வருடாவருடம் போகும். வருடாவருடம் முதல்நாள் பரிசோதனையிலேயே தோற்றுத் திரும்பும். ஒரு வருடம் எடை கூடிவிட்டது. இன்னொரு வருடம் பேட்டரி புகைந்தது. "நம்ம ஆளுங்க சாப்பாட்டுக்குத்தான் போறாங்க" என்று விடுதியில் கேலி செய்வார்கள். இந்த வருடம் அந்தக் கேலிக்கு முடிவு கட்ட வேண்டும் என்று கம்பி தலைகீழாக நின்றான். மோட்டார் தாங்கும் கைகளை மட்டுமே எத்தனை முறை செய்து செய்து உடைத்தானோ! கடைசியில் செய்து முடித்ததைத் தூக்கிப் பார்த்தபோது, பிள்ளை பெற்றவன் மாதிரி அவன் முகம் இருந்தது.

பைலட்டின் அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்தவர். சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அவள் அவருக்குப் பின்னால், என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஸ்டீயரிங்கில் அவர் கை போகும் போக்கையே பார்த்துக்கொண்டு வருவாள். அவர் அவசரப்பட்டு அவள் பார்த்ததில்லை. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், ஓரமாக நின்றிருந்த தள்ளுவண்டியின்மேல் பேருந்தை ஏற்றிவிட்டார். வண்டிக்காரர் டீ குடிக்கப் போயிருந்ததால் உயிர் தப்பினார். விசாரணையில் கண்ணைச் சோதித்தார்கள். சோதித்த கையோடு லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் நோய். நேரே இருப்பது தெரியும்; பக்கத்தில் நிற்பது தெரியாது; இருட்டினால் எதுவும் தெரியாது. பணிமனையில் மெக்கானிக்குகளுக்கு ஸ்பேனர், ஜாக்கி எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்குள் அவரை உட்கார வைத்தார்கள்.

"இப்ப என்ன குறைஞ்சு போச்சு? உட்கார்ந்த இடத்துல வேலை. ராஜா மாதிரி," என்று சொல்லிக்கொண்டார்.

அந்த வீட்டில் எந்தக் கதவும் ஒன்று முழுக்கத் திறந்திருக்கும், அல்லது முழுக்கச் சாத்தியிருக்கும், பாதியில் நிற்காது. நடக்கும் வழியில் ஸ்டூல் கிடக்காது. கிடந்தால் அம்மா வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். துணி தைக்கும் கம்பெனியில் வரிசை வரிசையாகப் பெண்களை மேய்க்கிறவள், குரல் அப்படி. அப்பா பைலட்டைக் கூப்பிடுவது 'கண்ணு' என்றுதான். எத்தனையோ அப்பாக்கள் அப்படிக் கூப்பிடுகிறார்கள். அதில் வேறு அர்த்தம் எதையும் யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் வருடக் கடைசியில்தான் அவளுக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. ஆய்வகத்தில் காலடியில் கிடந்த ஸ்டூலில் முட்டினாள். பேருந்துப் படியில் தடுக்கினாள். யாராவது பக்கவாட்டில் பேனாவை நீட்டினால், நீட்டியபடியே நிற்பார்கள். "ரொம்பத்தான் திமிரு" என்று ஒருத்தி சொன்னதும் காதில் விழுந்தது. சாயங்காலம் விடுதிக்குத் திரும்பும்போது தோழியின் தோளில் கை போட்டுக்கொண்டாள். பாசம் என்று அந்தத் தோழி நினைத்துக்கொண்டாள்.

என்ன என்று அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்காவது ஆஸ்பத்திரியில் போய்த் தெரிந்துகொள்ளும் வசதி இருக்கும். அவள் இந்த நோயோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள். இருந்தாலும் வகுப்பு இல்லாத ஒருநாள் தனியாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"வீட்டுல யாருக்காவது இருக்கா?" டாக்டரம்மா கேட்டார்.

"அப்பாவுக்கு."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "அவரைக் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா."

"அவருக்குத் தெரிய வேண்டாம் டாக்டர். மருந்து ஏதாவது..."

"இப்போதைக்கு இல்ல. வேகமாப் போகுமா, மெதுவாப் போகுமான்னும் சொல்ல முடியாது. உனக்குக் கொஞ்சம் சீக்கிரமே ஆரம்பிச்சிருக்கு." சற்று நிறுத்தி, "வண்டி கிண்டி ஓட்டுறியா?" என்றார்.

"இல்ல டாக்டர்."

சக்கரம் உள்ளதைப் பற்றித்தானே கேட்டார் என்று வெளியே வந்து தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

போட்டி முடியட்டும், பிறகு எல்லோருக்கும் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் போட்ட கணக்கு. குழுவில் அவளுக்கென்று இருந்தது அந்த ரிமோட் ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டால் பட்டறையில் அவள் யார்? டிரோனுக்கு உடம்பு செய்யத் தெரியாது, நிரல் எழுதத் தெரியாது. பூக்கொத்து கொடுக்கும் ஆளாக ஓரத்தில் நிற்க வேண்டியதுதான்.

ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். டிரோனைப் பக்கத்தில் பறக்கவிட்டால் அது சட்டென்று பார்வையைவிட்டு நழுவிவிடும். தூரத்துக்குக் கொண்டுபோய்விட்டால் எவ்வளவு ஓடினாலும் அவளுக்கு மிச்சமிருக்கும் அந்த வட்டத்துக்குள்ளேயே ஓடும். அதனால் மைதானத்தின் மறுகோடியில்தான் எல்லா வித்தையும் காட்டுவாள். கொஞ்சம் தவறினாலும் மோட்டார் சத்தத்தை வைத்துத் திசையைப் பிடித்துவிடுவாள். பார்ப்பவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"அவ்வளவு தூரத்துல எனக்குப் புள்ளியாத்தான் தெரியுது. இவ அதை ஊசில நூல் கோர்க்கிற மாதிரி ஓட்டுறா," என்றான் கம்பி.

அந்தப் பாராட்டு பொய்யில் வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கப் பிடித்திருந்தது.

போட்டி இன்னொரு கல்லூரியின் மைதானத்தில் நடந்தது. வரிசையாகப் பந்தல்கள், ஒவ்வொன்றிலும் சால்டரிங் புகை, பதற்றம், யாராவது ஒருவர் தொலைத்த திருகாணியைத் தேடி எல்லோரும் தரையில். முதல்நாள் பரிசோதனையில் தேறினார்கள். அதற்கே கம்பி துள்ளிக் குதித்தான். மறுநாள் காலையில் தானாகப் பறக்கும் சுற்று. வாத்தியின் நிரல் சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் இறங்கியது. மதிப்பெண் பலகையில் அவர்கள் பெயர் மேலே ஏறியது. பெரிய பெரிய கல்லூரிகளெல்லாம் கீழே கிடந்தன. பேராசிரியர் 'பாப்போம்' முதல்முறையாக வேறு ஒரு வார்த்தை சொன்னார்: "ஜெயிச்சிடுவோம்டா."

மிச்சமிருந்தது கையால் ஓட்டும் சுற்று. கேமரா கூடாது, திரை கூடாது. வெறும் கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டும். கம்பங்களுக்கு நடுவே வளைந்து போய், மருந்துப்பெட்டி என்று வைத்துக்கொள்ளப்பட்ட ஒரு சின்ன அட்டைப்பெட்டியை வட்டத்துக்குள் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பைலட் ஆறு மாதமாகப் பழகிய வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள் என்பார்கள்.

மதியம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கூட்டம் அதிகமாகிவிட்டதாம், காற்றும் வீசுகிறதாம். பாதுகாப்புக்காகப் பறக்கும் எல்லையைப் பாதியாகக் குறைக்கிறார்களாம். கம்பங்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்து பைலட் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நட்டார்கள்.

அவள் வாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். மாற்று பைலட்டாக அவன் பெயரைத்தான் கொடுத்திருந்தார்கள். சுமாராக ஓட்டுவான், போட்டியை ஜெயிக்க மாட்டான், ஆனால் டிரோனை முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவான்.

"டேய், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள்.

"எது?" கம்பி பேட்டரியை இறுக்கிக்கொண்டே நிமிர்ந்தான். "பக்கத்துல நட்டுட்டாங்கன்னா? நமக்கு நல்லதுதானே! தூரத்துலயே அந்த ஆட்டம் ஆடுறவ, பக்கத்துல சொல்லணுமா?"

அவள் ரிமோட்டின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "கண்ணு!" என்று ஒரு குரல். அப்பா. வருகிறேன் என்று சொல்லவே இல்லை. லீவு போட்டுவிட்டு, வழி கேட்டுக் கேட்டு, பேருந்து மாறி மாறி வந்திருந்தார். தேய்த்த சட்டை, முழங்காலில் எங்கோ மோதிய மண். அவள் கையை ஆட்டினாள். அவர் வேறு பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார்.

தொப்பி போட்ட நடுவர் வந்தார். "பைலட் யாரும்மா? வெயில் எதிர்ல இருக்கு. கண்ணு நல்லாத் தெரியுமில்ல?" எல்லாக் குழுவிடமும் கேட்பதுதான்.

"வானத்துல ஈ பறந்தாலும் தெரியும் சார் எங்க பைலட்டுக்கு," என்றான் கம்பி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

டிரோன் எழும்பியது. முதல் கம்பத்தைச் சுற்றியாயிற்று. இரண்டாவதையும் சுற்றியாயிற்று. தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் திருப்பி அதை வட்டத்துக்குள் வைத்துக்கொண்டாள். பெட்டியைப் போட்டாள், வட்டத்தின் நடுவில் விழுந்தது. பின்னால் கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலும் பந்தலுக்குப் பின்னால் உறுமிய ஜெனரேட்டரும் சேர்ந்து மோட்டார் சத்தத்தை விழுங்கிவிட்டன. திருப்பத்தில் டிரோன் இடப்பக்கம் நழுவியது. தலையைத் திருப்பினாள். வெறும் வானம். இன்னும் திருப்பினாள். வெறும் வானம்.

ரிமோட்டில் ஒரு சுவிட்ச் இருந்தது. தட்டினால் டிரோன் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். சுற்று அதோடு முடிந்து மதிப்பெண் போய்விடும். விரல் அதன்மேல்தான் இருந்தது. ஒரு நொடி, இன்னும் ஒரே நொடி, கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

"உன் பக்கம் வருது! இழு, இழு!" வாத்தி கத்தினான்.

இழுத்தாள். எதைப் பார்த்து இழுப்பது? டிரோன் முகத்தை அவள் பக்கம் திருப்பி வந்துகொண்டிருந்தது; அப்படி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். விலக்குவதாக நினைத்து அவள் இழுத்தது அதைப் பக்கவாட்டில் வீசியெறிந்தது. நடுவர்களின் பந்தல் துணி கிழியும் சத்தம்தான் அவள் அடுத்துக் கேட்டது. அதற்குப் பிறகு கூச்சல்.

நேரம் குறிக்கும் பெண் தண்ணீர் பாட்டில் எடுக்க எழுந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் ஓர் இறக்கை செருகி நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. கம்பி முழங்காலிட்டுத் துண்டுகளைப் பொறுக்கினான். பொறுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. எதையும் ஒட்ட முடியாது. இருந்தாலும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் போட்டான்.

"என்ன ஆச்சு பைலட்?"

"தெரியல," என்றாள். "டிரோன் சொன்ன பேச்சுக் கேக்கல. திடீர்னு."

பேராசிரியர் ஒடிந்துகிடந்த மோட்டார் கையைத் திருப்பிப் பார்த்தார். அதில் கம்பி காலையில் புதிதாகப் பற்றவைத்த ஒயர் பிய்ந்து தொங்கியது. விழுந்த வேகத்தில் பிய்ந்தது. ஆனால் அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "கடைசி நேரத்துல கை வைக்காதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? இதுதான் போச்சு." கல்லூரிப் பேருந்தில் திரும்பும் வழி முழுக்க அதே பேச்சு. அறிக்கையில் அப்படித்தான் எழுதப்போவதாகவும் சொன்னார். கம்பி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். ஒருமுறை மட்டும், "நல்லாத்தான் சார் பத்த வச்சேன்," என்றான். பிறகு தன்மேலேயே சந்தேகம் வந்தவன்போல் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டான்.

அவள் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தாள். எழவில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்த மறுநாள் காலை அப்பா கூடத்து வாசல் ஓரம் உட்கார்ந்து செருப்பின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். "இங்க வந்து உட்காரு," என்றார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவ்வளவு தூரம் வந்தீங்க. நான் இப்படிப் பண்ணிட்டேன்ப்பா."

"நான் அந்த மிஷினைப் பார்க்கவே இல்ல. எனக்கு அது எங்க கிடைக்கும்? ஒண்ணைத்தான் பார்க்க முடியும்னா எதைப் பார்ப்பேன்? உன்னையே பார்த்துட்டு நின்னேன்." ஊசி வாரில் நின்றது. "தலைய ஆட்டின பாரு, இப்படி, இப்படி. கோழி மாதிரி. அது என் ஆட்டம். நான் அந்தக் கடைசி வருஷம் ஸ்டீயரிங் பிடிச்சுக்கிட்டு ஆட்டின ஆட்டம்."

அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்போருந்து?"

"ஒரு வருஷமா."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். உங்களுக்குச் சொன்னதையேதான் சொன்னாங்க."

அப்பா செருப்பைக் கீழே வைத்தார். வைத்த இடத்தில் தரை இல்லை. அது படியிலிருந்து உருண்டது. "சொத்துபத்துன்னு ஒண்ணும் சேர்த்து வைக்கல. குடுத்தது இது ஒண்ணுதான்," என்றார். பிறகு சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போனார். அன்றிலிருந்து அவர் வாயில் 'கண்ணு' வரவில்லை. 'அம்மாடி' என்று மாற்றிக்கொண்டார். யாரும் காரணம் கேட்கவில்லை. விஷயம் தெரிந்ததும் அம்மா பாத்திரங்களையெல்லாம் எடுத்துப்போட்டு ஒருமூச்சு தேய்த்தாள். "ஒருத்தர் மறைச்சு வண்டியை ஏத்தினார். அதைப் பார்த்துட்டே வளர்ந்தவ நீ. உனக்கு எப்படிடி மனசு வந்தது?" என்று மட்டும் கேட்டாள்.

கல்லூரி திறந்த அன்று பட்டறைக்குப் போனாள். கம்பி தனியாக உட்கார்ந்து, தான் பற்றவைத்த இணைப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சோதித்துக்கொண்டிருந்தான்.

"உன் ஒயர் இல்லடா. நான்தான். எனக்கு டிரோன் தெரியல," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் சொன்னது, தூரத்தில் ஓட்டிய தந்திரம், சுவிட்சைத் தட்டாத அந்த நொடி.

அவன் நெடுநேரம் கையிலிருந்த குறடைத் திறந்து திறந்து மூடினான். "இப்ப நான் தெரியறேனா?"

"முகம் தெரியுது."

"கை?"

"தெரியல."

கையில் அவன் குறடை வைத்திருக்கிறான் என்பதே சத்தத்தை வைத்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு எழுந்திருக்கலேன்னா என்ன ஆயிருக்கும், யோசிச்சியா?"

"தினமும் யோசிக்கிறேன்."

"பஸ்ல நீ ரெண்டு சீட்டுக்கு அந்தப் பக்கம்தானே இருந்த? அவரு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினாரே." அவன் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும். "கண்ணு போறது உன் தப்பில்ல பைலட். அது எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே உன்னைத் தூக்கி வச்சுப் பார்த்திருப்போமே."

பேராசிரியரிடமும் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாவம்மா," என்றார்; மனதாரத்தான் சொன்னார். "ஆனா அறிக்கை மேல போயாச்சு. பையன் பேரைத் திருத்த முடியுமான்னு... பாப்போம்." திருத்தவில்லை. அடுத்த வருடம் கல்லூரி குழுவை அனுப்பவில்லை; பட்டறைக்குப் பின்னாலிருந்த அறையில் உடைந்த மேசைகளைப் போட்டுப் பூட்டினார்கள். கம்பி தேர்வு முடிந்ததும் வேறு ஊரில் வேலைக்குப் போனான். எதிரே பார்த்தால் நின்று பேசுவான், நலம் கேட்பான். அவ்வளவுதான். வாத்தி மட்டும் அவ்வப்போது, கண்ணுக்கு எங்கோ புதுச் சிகிச்சை வரப்போவதாக நீளநீளமாகச் செய்தி அனுப்புவான். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் படித்தாள். பிறகு படிப்பதில்லை.

மின்விசிறி ரெகுலேட்டர் செய்யும் கம்பெனியில் சோதனை மேசையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ரெகுலேட்டருக்குள் போகும் சர்க்யூட் பலகையை நேரே வைத்து, நல்ல விளக்குக்குக் கீழே பார்க்கும் வேலை. அந்த மட்டுக்கு இன்னும் பார்வை இருந்தது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப மேலாளர் அனுமதித்தார். ஆனால் மழைக்காலம் வந்ததும் அந்த நேரத்துக்கே இருட்டிவிட்டது. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு வர ஆரம்பித்தார். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். "யாரு யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று பெட்டிக்கடைக்காரர் கேட்பார். "அதான் எங்களுக்கும் தெரியல," என்பார் அப்பா. மூன்று பேரும் சிரிப்பார்கள்.

கேபிளுக்குத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் ஒருநாள் இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். அப்பாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. வீட்டுக்கு வந்து, சேற்றுக் காலோடு நின்றபடியே அவள் சொன்னாள்: "நாளைலேர்ந்து நான் வேலைக்குப் போகலம்மா."

"போவ," என்றாள் அம்மா. "நான் வந்து கூட்டிட்டு வரேன்."

தன் கம்பெனியில் அம்மா மாலை முறையிலிருந்து பகல் முறைக்கு மாற்றிக் கேட்டாள். மேற்பார்வை வேலையை விட்டுவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தால் தருகிறோம் என்றார்கள். உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் நிறுத்தத்தில் அம்மாதான் நிற்கிறாள். நாள் முழுக்கத் தைத்த களைப்பில் பேச மாட்டாள். மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "படி," "கல்," "தண்ணி," என்று மட்டும் சொல்லிக்கொண்டே நடப்பாள். சென்ற முறை டாக்டரம்மா அளந்து பார்த்துவிட்டு, வட்டம் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்றார். அவள் தலையாட்டினாள். அடுத்து எப்போது வர வேண்டும் என்று அவர் சொல்வதற்குள் எழுந்துவிட்டாள்.